காலுக்கு அசையாத குதிரை: கால், சாட்டை, ஸ்பர் – எதை, எப்போது, எவ்வளவு?

#1 | வேகநடை

வணக்கம். காயடித்த ஆண் குதிரை, 9 வயது, சுமார் 450 கிலோ. பல பேர் ஏறிப் பழகும் பள்ளிக் குதிரை. வாயில் சாதாரண ஒற்றை மூட்டு ஸ்நாஃபிள் (நடுவில் ஒரு மூட்டுள்ள எளிய கடிவாள இரும்பு, அதாவது பிட்).

நின்ற இடத்திலிருந்து நடைக்குப் போகவே நாலைந்து உதை வேண்டியிருக்கிறது. ட்ராட்டுக்கு (நடைக்கு அடுத்த வேகமான ஓட்டம்) அதைவிட அதிகம். ட்ராட் வந்தாலும் மூலை திரும்பியதும் நடைக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு அடிக்கும் காலால் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் ஓடும். சாட்டையால் தட்டினால் காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு பின்னங்காலை உதறுகிறது. ஆனால் மைதானத்தில் அவிழ்த்துவிட்டால் தானாகவே நன்றாகப் பாய்ந்து ஓடுகிறது. அதனால் சோம்பேறிக் குதிரை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

ஸ்பர் (பூட்ஸின் குதிகாலில் மாட்டும் உலோக முள்) போடலாமா? நீளச் சாட்டைக்கு மாறலாமா? எந்த வரிசையில் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.


#2 | நாலுகால்பாய்ச்சல்

இதில் ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. முனை மழுங்கிய குட்டை ஸ்பர், ஒன்றரை சென்டிமீட்டர் போதும். கால் சொல்வதைக் கேட்கவில்லை என்றால் சாட்டையால் ஒரே ஒரு அடி, உறைக்கிற மாதிரி. தினமும் நூறு உதை வாங்குவதைவிட ஒருமுறை தெளிவாக வாங்குவது குதிரைக்கும் நல்லது. தொட்டுத் தொட்டுக் கெஞ்சினால் இன்னும் மழுங்கிப்போகும்.


#3 | குளம்பொலி

கால்நடை மருத்துவம் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: ஸ்பர் வாங்குவதற்கு முன்னால் வலி இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். "அவிழ்த்துவிட்டால் ஓடுகிறது" என்பது வலி இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. முதுகில் எடை இல்லாதபோது ஓடுவதும், 70 கிலோ ஆளும் சேணமும் மேலே இருக்கும்போது ஓடுவதும் வேறு வேறு வேலை. ஆள் ஏறினால் மட்டும் தெரிகிற நொண்டல்கூட உண்டு.

குதிரை வைத்தியத்தில் பெயர் பெற்ற சூ டைசன் 2018இல் வெளியிட்ட ஒரு பட்டியல் இருக்கிறது. சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள் அதில் உண்டு. முன்னால் போக மறுப்பது, காதை 5 நொடிக்கு மேல் பின்னால் மடக்கி வைத்திருப்பது, பல்வரிசை விலக வாயைத் திறந்து மூடுவது, சொல்லாமலே நடையை மாற்றிக்கொள்வது, பின்னங்குளம்பைத் தரையில் இழுப்பது என்று போகும். 24இல் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பு, மூட்டு, தசை வலிக்கு வாய்ப்பு அதிகம். நீங்கள் எழுதியதிலேயே இரண்டு மூன்று வந்துவிட்டது. பத்து நிமிடச் சவாரியைப் பக்கவாட்டிலிருந்து யாராவது படம் பிடிக்கட்டும். பிறகு பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எண்ணுங்கள்.

அதோடு கீழே உள்ளவற்றையும் பாருங்கள்.

ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். இதற்கு வெளியே இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஈறு வெளுத்திருந்தால் ரத்தச்சோகை, உண்ணிக் காய்ச்சல், குடற்புழு என்று தேடவேண்டியிருக்கும். அப்படிப்பட்ட குதிரையைச் சோம்பேறி என்று அடிப்பது கொடுமை.

கர்த் (சேணத்தை உடம்போடு சேர்த்துக் கட்டும் பட்டை) இறுக்கும்போது கடிக்க வருகிறதா, வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறதா? இரைப்பைப் புண்ணாக இருக்கலாம். குதிரையின் இரைப்பை நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும், தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். இரைப்பையின் மேல்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு கிடையாது. காலி வயிற்றோடு ட்ராட் போனால் அமிலம் அங்கே தெறிக்கும். கால் அழுத்துகிற இடமும் வயிற்றுப் பக்கம்தான் என்பதால், காலுக்கு எரிச்சல் காட்டுகிற குதிரைகளில் இதை மறக்காமல் பார்க்கவேண்டும். எண்டோஸ்கோப்பி செய்தால்தான் உறுதியாகும். அதுவரை, சவாரிக்கு அரைமணி நேரம் முன்னால் கொஞ்சம் உலர்புல் கொடுங்கள். நாள் மொத்தத்துக்கு உலர் எடையில் உடல் எடையின் 1.5 முதல் 2 சதவீதம் புல் வேண்டும். 450 கிலோவுக்கு அது 7 முதல் 9 கிலோ.

பல்: கன்னப்பல் ஓரங்கள் கூராகி உட்கன்னத்தைக் கிழிக்கலாம். மேல்வரிசையின் முதல் கன்னப்பல்லுக்கு முன்னால் சின்ன ஓநாய்ப்பல் இருந்தால் பிட் அதில் இடிக்கும். வருடத்துக்கு ஒருமுறையாவது பல் பார்க்கவேண்டும்.

வேலையின் நடுவில் திடீரென்று உடம்பு விறைத்து, நன்றாக வியர்த்து, அடியெடுத்து வைக்கவே மறுத்தால் அது பிடிவாதமாக இருக்காது. தசை இறுகிப்போயிருக்கலாம். சிறுநீர் காப்பி நிறத்தில் வந்தால் ஒரு அடிகூட நடத்தாதீர்கள். அங்கேயே நிறுத்திவைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள்.


#4 | சேணக்கட்டு

குளம்பொலி அம்மா சொன்னதோடு சேணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக் குதிரைகளில் ஒரே சேணம் நாலு குதிரைக்குப் போகும். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

முதலில் அடியில் போடும் பேட் எதுவும் இல்லாமல் சேணத்தை வெறும் முதுகில் வையுங்கள். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைத் தடவிக் கண்டுபிடியுங்கள். சேணத்தின் உள்கட்டை (உள்ளே இருக்கும் சட்டம்) அதற்கு இரண்டு விரல் பின்னால் இருக்கவேண்டும். தோள் மேல் ஏறி உட்கார்ந்தால் முன்னங்காலை வீசும் ஒவ்வொரு முறையும் எலும்பு இடிக்கும். குதிரை அடியைச் சுருக்கும், நீங்கள் இன்னும் உதைப்பீர்கள்.

வித்தர்ஸ் என்கிற தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில், ஆள் ஏறிய பிறகும் இரண்டு மூன்று விரல் போகவேண்டும். சேணத்தின் அடியில் உள்ள நடுக்கால்வாய் முழு நீளத்துக்கும் மூன்று விரலாவது அகலம் இருக்கவேண்டும், முதுகெலும்பு முனைகளில் எங்கும் படக்கூடாது. பின்பக்கம் கடைசி விலா எலும்பைத் தாண்டக்கூடாது. குதிரைக்கு 18 ஜோடி விலா. கடைசியைத் தடவிப் பார்த்து முதுகு வரை கோடு இழுத்தால் எல்லை தெரிந்துவிடும்.

சவாரி முடிந்து கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். நனைந்த பரப்புக்கு நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் அதிகம். வெள்ளை மயிர்த் திட்டு என்றால் பழைய காயம். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரல் நுனியால் நடுத்தர அழுத்தத்தில் தடவிக்கொண்டே போங்கள். முதுகைக் கீழே அமுக்கி நழுவினால் வலி இருக்கிறது.

ஆள், சேணம் எல்லாம் சேர்த்து உடல் எடையில் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். உங்கள் குதிரைக்கு அது 90 கிலோ. முதுகுத் தசை வற்றிய குதிரைக்கு அதிலும் குறைவு.


#5 | வேகநடை

ரொம்ப நன்றி. மருத்துவர் பார்த்துவிட்டார். நொண்டல் இல்லை, பல் ராவியாகிவிட்டது, வயிறும் சரி. சேணம் முன்னால் ஏறித்தான் உட்கார்ந்திருந்தது. வேறு சேணம் மாற்றியாயிற்று. லஞ்ச் கயிற்றில் (நடுவில் நின்றுகொண்டு குதிரையை வட்டமாக ஓட்டும் நீளக் கயிறு) சேணத்தோடு குரலுக்கே ட்ராட் போகிறது. ஆள் ஏறினால்தான் பழைய கதை. இனி காலைப் பற்றிச் சொல்லுங்கள்.


#6 | பழைய லகான்

இப்போது பேசலாம். ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து விரட்டுகிற விலங்கு இது. அதற்கு உங்கள் கால் தெரியாமல் இல்லை. தெரிந்தும் பதில் சொல்வதில்லை, ஏனென்றால் பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கால் அங்கேயேதான் இருக்கிறது.

காலை அழுத்தினால் குதிரைக்குத் தொந்தரவு. அந்தத் தொந்தரவு நீங்கும் நொடியில் தான் என்ன செய்துகொண்டிருந்ததோ அதைத்தான் சரியான விடை என்று எடுத்துக்கொள்ளும். நடக்கத் தொடங்கிய பிறகும் நீங்கள் உதைத்துக்கொண்டே இருந்தால் நடந்ததற்குப் பலன் இல்லை. நாலு உதை உதைத்துவிட்டு, கால் வலித்து, குதிரை நிற்கும்போதே நிறுத்தினீர்கள் என்றால் "நின்றால் தொந்தரவு போகும்" என்று கற்றுக்கொடுத்தாயிற்று. பள்ளிக் குதிரைக்கு இந்தப் பாடம் தினமும் நடக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் தள்ளினால்தான் ஓடும் என்றீர்களே, அதுவும் இப்படி வந்ததுதான். தள்ளிக்கொண்டே இருப்பதுதான் ஓடுவதன் அடையாளம், தள்ளல் நின்றால் ஓட்டமும் நிற்கவேண்டும் என்று அது சரியாகவே புரிந்துவைத்திருக்கிறது.

மறுபடி கற்றுக்கொடுக்கும் வரிசை:

1. நாலு காலும் சமமாக ஊன்றும்படி சதுரமாக நிறுத்துங்கள். பார்வை நேராக, ரெய்ன் (கடிவாள வார்) பிடியில் வாய்த்தொடர்பு இருக்கட்டும், இழுப்பு வேண்டாம். கை இரண்டு சென்டிமீட்டர் முன்னால் போகத் தயாராக இருக்கவேண்டும்.

2. இரண்டு கெண்டைக்காலையும் கர்த் பட்டைக்கு ஒட்டிய இடத்தில் மெல்ல மூடுங்கள். உதை வேண்டாம். எதிர்காலத்தில் எந்த அளவு தொடுதலுக்குக் குதிரை போகவேண்டும் என்று விரும்புகிறீர்களோ, இன்றும் அதே அளவில் தொடங்குங்கள். ஒரு நொடி.

3. பதில் இல்லையா? காலை எடுக்காமல் அழுத்தத்தைக் கூட்டுங்கள். இன்னொரு நொடி.

4. இன்னும் இல்லையா? கால் இருந்த இடத்துக்கு ஒரு கை அகலம் பின்னால், சாட்டை நுனியால் தட்டத் தொடங்குங்கள். நொடிக்கு இரண்டு தட்டு, லேசாக. பதில் வராவிட்டால் ஒவ்வொரு தட்டும் முந்தையதைவிடக் கொஞ்சம் உறைக்கட்டும். நடுவில் நிறுத்தவே கூடாது. தயங்கி நிறுத்திய அந்த இடைவெளியையே விடையாக எடுத்துக்கொள்ளும்.

5. முன்னால் ஒரு அடி எடுத்ததும் காலும் சாட்டையும் அந்த அடியிலேயே நிற்கவேண்டும். கை முன்னால் போகவேண்டும். கழுத்தில் ஒருமுறை தடவிக்கொடுத்து ஐந்தாறு அடி அமைதியாக நடக்கவிடுங்கள்.

6. நிறுத்தி, மறுபடி 2இலிருந்து. ஒருபோதும் 4இலிருந்து தொடங்காதீர்கள். லேசான காலுக்குப் பின்னால் தட்டு வரும் என்று தெரிந்தால்தான் லேசான காலுக்கே போக நினைக்கும்.

தொடர்ந்து மூன்று முறை 2லேயே நடந்துவிட்டால் அந்தப் பாடத்தை அங்கேயே முடியுங்கள். கொஞ்ச நேரம் நீண்ட ரெய்னில் நடத்திவிட்டு, ட்ராட்டுக்கு இதே வரிசை.

சாட்டை நீளம் முக்கியம். தடை தாண்டும் போட்டிகளுக்கு உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு வைத்திருக்கும் உச்ச அளவு 75 சென்டிமீட்டர். அந்தக் குட்டைச் சாட்டையைக் காலுக்குப் பின்னால் போடவேண்டும் என்றால் கையை ரெய்னிலிருந்து எடுத்தாகவேண்டும். எடுக்காமல் போட்டால் ஒவ்வொரு தட்டுக்கும் வாயில் ஒரு வெட்டு விழும். போ என்றும் நில் என்றும் ஒரே நேரத்தில் சொன்னது போல. டிரெஸ்ஸாஜ் (நுணுக்கமான நடைப் பயிற்சி) சாட்டை 100 முதல் 110 சென்டிமீட்டர் இருக்கும், மணிக்கட்டைத் திருப்பினாலே நுனி போய்த் தொடும். இந்த வேலைக்கு அதுதான் வேண்டும்.


#7 | நாலுகால்பாய்ச்சல்

> நொடிக்கு இரண்டு தட்டு, லேசாக

லகான் ஐயா, இங்கேதான் உடன்பட முடியவில்லை. லேசாகத் தட்டிக்கொண்டே இருப்பதும் உதைத்துக்கொண்டே இருப்பதும் ஒன்றுதானே? காலுக்கு மழுங்கிய குதிரை நாளைக்குச் சாட்டைக்கும் மழுங்கும். ஒரே அடி, சுருக்கென்று, முடிந்தது கதை. எனக்குச் சரியென்று படுவது இதுதான்.


#8 | பழைய லகான்

நல்ல கேள்வி. வித்தியாசம் இருக்கிறது. உதைக்கிற கால் ஒரே அளவில் நீண்டுகொண்டே போகிறது, பதிலோடு அதற்குச் சம்பந்தம் இல்லை, அதனால் மழுங்குகிறது. நான் சொல்வது ஏறிக்கொண்டே போகும் தட்டு, பதில் வந்த நொடியில் மறையும் தட்டு. மூன்றாவது தட்டுக்குள் ஏறவில்லை என்றால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும், மழுங்கும். அந்த எச்சரிக்கையை ஏற்கிறேன்.

ஒரே அடியில் என்ன கோளாறு? அடி விழுந்த மறுநொடி தொந்தரவு தானாகவே போய்விடுகிறது. குதிரை முன்னால் பாய்ந்திருந்தால் நல்லது. நின்றபடியே பின்னங்காலை உதறியிருந்தாலும், பின்னால் நகர்ந்திருந்தாலும் அதற்கும் அதே பலன்தான் கிடைக்கும். இந்தக் குதிரை சாட்டைக்குப் பின்னங்காலை உதறுகிறது என்று முதல் பதிவிலேயே இருக்கிறது. எப்போதோ உதறியபோது சாட்டை நின்றிருக்கும், அதைக் கற்றுக்கொண்டிருக்கிறது. இன்னும் பலமான ஒரே அடி போட்டால் இன்னும் பலமாக உதறும். சில குதிரைகள் அதிலிருந்து முன்னங்கால் தூக்கி நிற்கும் வரை போய்விடும்.

உதறும்போது என்ன செய்வது? தட்டின் பலத்தைக் கூட்டாதீர்கள், நிறுத்தவும் செய்யாதீர்கள். அதே அளவில், அதே வேகத்தில் தொடருங்கள். உதறல் முடிந்து முன்னால் அரை அடி சாய்ந்தாலும் போதும், உடனே நிறுத்துங்கள். உதறுவதற்குப் பலன் இல்லை என்று தெரிந்துவிட்டால் அதை விட்டுவிடும்.


#9 | வட்டக்களம்

சவாரி கற்றுக்கொடுப்பவர்களுக்காகவும் ஏறுகிறவர்களுக்காகவும் சேர்த்து எழுதுகிறேன். லஞ்ச் கயிற்றில் குரலுக்குப் போகிறது, ஆள் ஏறினால் போகவில்லை என்றால் ஏறுகிறவரின் உடம்பிலும் தேடவேண்டும்.

முதல் சந்தேகம் கை. கால் "போ" என்கிறபோது கை வாயைப் பிடித்து நிறுத்துகிறது. வேண்டுமென்றே யாரும் செய்வதில்லை. உதைப்பதற்குப் பலம் வேண்டும், பலம் எடுக்கும்போது முழங்கை உடம்போடு இறுகும், ரெய்ன் ஐந்து சென்டிமீட்டர் பின்னால் வரும். 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் குதிரையேற்ற ஆசான் ஃபிரான்ஸ்வா போஷே தன் பிற்காலத்தில் வலியுறுத்தியது இதைத்தான்: கால் பேசும்போது கை சும்மா இருக்கட்டும், கை பேசும்போது கால் சும்மா இருக்கட்டும். மழுங்கிய குதிரைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. சோதிக்க வழி: கழுத்தைச் சுற்றி ஒரு வார் கட்டி, வெளிப்பக்கக் கையின் சுண்டுவிரலை அதில் மாட்டுங்கள். போகச் சொல்லும்போது கை பின்னால் வந்தால் வார் இழுபடுவது உடனே தெரியும்.

அடுத்தது முட்டி. முட்டியால் சேணத்தை இடுக்கினால் குதிகால் மேலே ஏறும், கெண்டைக்கால் குதிரையின் பக்கத்தை விட்டு விலகும். பிறகு ஒவ்வொரு சைகைக்கும் காலை வெளியே வீசி அடிக்கத்தான் தோன்றும். தொடை தளர்ந்து தொங்கவேண்டும், கால்விரல்கள் முன்னோக்கி இருக்கவேண்டும். காலை எடுத்துவிட்டுத் தொங்கவிட்டால் அங்கவடியின் (பாதம் வைக்கும் வளையம்) அடித்தட்டு கணுக்கால் எலும்பு மட்டத்துக்கு வரவேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் ஒரே கோட்டில் வரவேண்டும்.

பிறகு உடம்பின் சாய்வு. முன்னால் குனிந்து தள்ளுகிறவர்கள் எடையை முன்னங்கால் மேல் போட்டு, பின்னங்கால் வேலை செய்யவே முடியாமல் ஆக்குகிறார்கள். இடுப்பால் முன்னும் பின்னும் துடுப்புப் போடுவதும் இதே வகைதான். முதுகுக்கு இடைஞ்சல் தவிர வேறு பலன் இல்லை. குதிரை நகர்ந்ததும் அதன் அசைவோடு போங்கள், முன்கூட்டி ஓடவேண்டாம்.

காலுக்கு நேரம் உண்டு. நடையில் இடது பின்னங்கால் முன்னால் வரும்போது வயிறு வலப்பக்கம் ஊசலாடும், உங்கள் இடது கால் தானாகவே உள்ளே விழும். அந்த நொடியில் இடது காலை மூடினால் அந்தப் பின்னங்கால் நீளமாக அடிவைக்கும். கால் ஏற்கெனவே தரையில் ஊன்றியிருக்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ட்ராட்டில் எழுந்து உட்காருகிறவர்கள் உட்காரும் நொடியில் காலை மூடுங்கள், எழும்போது தளர்த்துங்கள். அதுவும் தேவைப்படும்போது மட்டும், ஒவ்வொரு முறையும் கிடையாது.


#10 | வேகநடை

லகான் ஐயா சொன்ன வரிசையில் ஒரு சந்தேகம். தட்டியதும் நடைக்குப் போகாமல் நேராக ட்ராட்டுக்கோ கேன்டருக்கோ (ட்ராட்டைவிட வேகமான பாய்ச்சல்) பாய்ந்துவிட்டால்? உடனே பிடித்து நிறுத்தவேண்டுமா?


#11 | பழைய லகான்

கூடாது. கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்தாலும் அது முன்னால்தான் போயிருக்கிறது. அதை வாயில் பிடித்து வெட்டினால் முன்னால் போனதற்குத் தண்டனை ஆகிவிடும், நீங்கள் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். சாட்டை பயன்படுத்தும் நாட்களில் சேணத்தின் முன்வாரையோ கழுத்துவாரையோ ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் சாய்ந்து ரெய்னில் தொங்கமாட்டீர்கள். ஆறேழு அடி ஓடவிட்டு, குரலாலும் உட்கார்வாலும் மெதுவாக நடைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்தமுறை 3ஆம் படியிலேயே கவனமாக இருங்கள், தட்டின் தொடக்க அளவைக் குறையுங்கள்.

ஏறுவதற்கு முன்னால் தரையிலிருந்தே இந்தப் பாடத்தை ஒருமுறை நடத்தினால் பாதி வேலை முடிந்துவிடும். இடது தோளுக்கு அருகில் நின்று, இடக்கையில் ரெய்னைப் பிட்டுக்கு ஒரு சாண் கீழே பிடித்து, வலக்கையில் நீளச் சாட்டை. ரெய்னை மெல்ல முன்னால் நகர்த்துங்கள். பதில் இல்லை என்றால் உங்கள் கால் படும் விலாப் பகுதியில் தட்டத் தொடங்குங்கள். ஒரு அடி முன்னால், உடனே நிறுத்தம். இரண்டு பக்கமும் செய்யவேண்டும். பின்காலுக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள், உதறுகிற குதிரை இது.

குரலையும் இங்கேயே சேர்த்துவிடலாம். லஞ்ச்சில் குரலுக்குப் போகிறது என்கிறீர்கள், அது பெரிய மூலதனம். வரிசை இதுதான்: முதலில் காலை மூடுங்கள், ஒரு நொடி கழித்துப் பழக்கமான குரல். புதிய சைகை முன்னால், தெரிந்த சைகை பின்னால். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எது பலமாகத் தெரிகிறதோ அதை மட்டும் கவனிக்கும், மற்றது அதற்குள் அமுங்கிப்போகும்.


#12 | நாலுகால்பாய்ச்சல்

ஒற்றை அடி விஷயத்தில் ஐயா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், உதறுகிற குதிரைக்கு அது பொருந்தாது. ஆனால் ஸ்பர் வேண்டவே வேண்டாமா? போட்டிக் குதிரைகள் எல்லாம் ஸ்பரோடுதானே போகின்றன?


#13 | வட்டக்களம்

போட்டிக் குதிரைக்கு ஸ்பர் வேகத்துக்காக இல்லை. லேசான காலுக்கு ஏற்கெனவே போகத் தெரிந்த குதிரைக்கு, பக்கவாட்டு நகர்வு மாதிரியான நுணுக்கமான இடத்தில் இன்னும் துல்லியமாகச் சொல்ல அது பயன்படுகிறது. முன்னால் போகத் தெரியாத குதிரையின் விலாவில் ஸ்பர் பட்டால் வயிற்றுத் தசையை இறுக்கி, மூச்சைப் பிடித்து, அடியைச் சுருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இன்னும் சோம்பேறியாகத் தெரியும்.

கால் அசையாமல் தொங்கும் அளவுக்குத் தேறிய ஆளுக்குத்தான் ஸ்பர். ட்ராட்டில் பத்து நிமிடம், கெண்டைக்காலுக்கும் சேணத்துக்கும் நடுவில் ஒரு தாளைச் செருகி, அது நழுவாமலும் அதே சமயம் முட்டி இடுக்காமலும் போக முடிகிறதா என்று பாருங்கள். முடியாதவருக்கு ஸ்பர் கொடுத்தால் ஒவ்வொரு அடியிலும் குத்தும். காலுக்கு வந்த கதியே ஸ்பருக்கும் வரும். பல பேர் ஏறும் பள்ளிக் குதிரைக்கு என் பதில்: வேண்டாம். விலாவில் மயிர் உதிர்ந்த வட்டம் தெரிந்தால் யார் போட்டிருந்தாலும் கழற்றச் சொல்லுங்கள்.


#14 | குளம்பொலி

கூடவே மூக்குப்பட்டையையும் பாருங்கள். மூக்கெலும்பின் மேல் இரண்டு பெரிய விரல் தாராளமாகப் போகவேண்டும், பக்கவாட்டில் இல்லை. வாயைத் திறக்க முடியாமல் கட்டிவைத்துவிட்டால் பிட் வலிப்பதைக் குதிரை சொல்ல இருந்த ஒரே வழியும் அடைந்துவிடும்.


#15 | வேகநடை

மூலை விஷயம் ஒன்று மட்டும் பாக்கி. நேர்கோட்டில் இப்போது ஒருமுறை காலை மூடினாலே ட்ராட் போகிறது. மூலையில், அதுவும் வாசல் பக்க மூலையில், இறங்கிவிடுகிறது. மற்ற மாணவர்கள் ஏறும்போது பழைய உதை திரும்பிவிடும் என்ற பயமும் இருக்கிறது.


#16 | வட்டக்களம்

மூலையில் இறங்குவதற்கு இரண்டு காரணம். ஒன்று, வளைவில் உள்பக்கப் பின்னங்கால் அதிக எடையைச் சுமக்கவேண்டும், பலமில்லாத குதிரைக்கு அது உண்மையிலேயே கஷ்டம். இரண்டு, ஏறியவர் உள்பக்க ரெய்னை இழுத்துத் திருப்புகிறார்; இழுத்ததும் "மெதுவாகு" என்று படித்துக்கொள்கிறது. மூலையை ஆழமாக எடுக்காதீர்கள், 20 மீட்டர் வட்டத்தின் கால்பகுதி போல அகலமாகச் சுற்றுங்கள். திருப்பம் உங்கள் பார்வையிலும் தோளிலும் இருக்கட்டும். உள்ரெய்னில் விரல் மட்டும் மூடித் திறக்கட்டும், வெளிரெய்ன் கழுத்தை ஒட்டியிருக்கட்டும்.

நடைக்கு விழுந்த பிறகு திருத்தாதீர்கள். விழப்போகும் இடம் உங்களுக்குத் தெரியும். அதற்கு நாலு அடி முன்னால் லேசான ஒரு கால், பதில் வந்ததும் எடுத்துவிடுங்கள். பதில் இல்லையென்றால் அதே வரிசை. தட்டு வந்து, முன்னால் போனதும் நிறுத்தம். வழியெல்லாம் காலால் பிடித்துத் தூக்கிக்கொண்டே போகாதீர்கள். தப்பு செய்ய இடம் கொடுக்கவேண்டும், அப்போதுதான் திருத்த முடியும்.

வாசல் மூலைக்கு இன்னொரு காரணமும் உண்டு: சவாரி முடிந்து ஆள் இறங்குவது எப்போதும் அங்கேதான் நடக்கிறது. இறங்கும் இடத்தை மாற்றுங்கள். சவாரி முடிந்ததும் வாசலுக்கு எதிர்ப்பக்கம், மைதானத்தின் நடுவில், நல்ல ட்ராட் கொடுத்த இடத்தில் இறங்கி, கர்த்தைத் தளர்த்தி, நடத்திக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு தடவைக்கு 30 நிமிடம் போதும். அதில் முதல் பத்து நிமிடம் நீண்ட ரெய்னில் நடை. ஒரே வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டுவது மழுங்கடிக்கிற வேலை. பதினைந்து இருபது அடிக்கு ஒருமுறை ஏதாவது மாறட்டும். நடை–ட்ராட்–நடை, நிற்றல்–நடை, தரையில் மூன்று கட்டை. ட்ராட்டுக்குக் கட்டைகளின் இடைவெளி 1.2 முதல் 1.4 மீட்டர், குதிரையின் அடி நீளத்துக்கு ஏற்றபடி. வாரத்தில் ஒருநாளாவது மைதானத்துக்கு வெளியே, முன்னால் நன்றாகப் போகும் குதிரை ஒன்றின் பின்னால் கூட்டிப்போங்கள். லேசான ஏற்றம் இருந்தால் பின்னங்காலுக்குப் பலமும் வரும்.

மாணவர்களைப் பற்றிய பயம் நியாயமானது. பழைய உதை திரும்பினால் குதிரையும் சில நாளில் திரும்பிவிடும். தொடக்க மாணவர் ஏறுவதற்கு முன்னால் தேறிய ஒருவர் ஐந்து நிமிடம் ஏறி 2ஆம் படியைச் சோதித்துக்கொடுக்கட்டும். மாணவருக்கு ஒரே விதி: ஒருமுறை மூடு, பதில் இல்லையென்றால் தட்டு, போனதும் காலை எடு. இரண்டாவது உதை கிடையாது. கால் நிலைக்காத மாணவர் லஞ்ச் கயிற்றில் இருக்கட்டும். அங்கே முன்னால் அனுப்பும் பொறுப்பு கயிறு பிடிப்பவருடையது, மாணவருக்குக் கால் தொங்குவதும் கை அசையாததும் மட்டுமே பாடம்.


#17 | பழைய லகான்

வட்டக்களம் சொன்னதோடு ஒன்று. வாய் மழுங்கிப்போவதும் இதே கணக்குதான், பின்னால் அதற்கும் வந்து நிற்பீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். நிறுத்த இழுக்கிறோம், குதிரை நின்ற பிறகும் ரெய்னைத் தளர்த்துவதில்லை. இழுவையில் சாய்ந்து நிற்கக் கற்றுக்கொள்கிறது. அதற்குக் கடினமான பிட் தேடாதீர்கள். முதலில் முதுகை நிமிர்த்தி உட்கார்வை அசையாமல் வையுங்கள், பிறகு விரலை மூடுங்கள், பதில் இல்லையென்றால் முன்னங்கால் தரையில் ஊன்றுகிற நேரத்துக்கு இடம், வலம் என்று மாற்றி மாற்றி அழுத்தத்தைக் கூட்டுங்கள். கால் நின்றதும் விரலைத் திறங்கள். ஆனால் இரண்டு பாடத்தையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். முன்னால் போவது லேசான காலுக்கு நிலைத்த பிறகுதான் நிற்பதை எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குதிரைக்கு நிற்பதுதான் சுலபமான பாடம், போவதை அது விழுங்கிவிடும்.